ஓடிபிசி டிரைவரை இன்ஸ்டால் செய்து அமைப்பது எப்படி? பிட் கணக்கிலிருந்து எக்செலில் தரவு வரும் வரை

சர்வரில் ஓடும் டேட்டாபேஸிலிருந்து எக்செல், ஆக்சஸ், பவர் பிஐ போன்ற டெஸ்க்டாப் மென்பொருளுக்குத் தரவைக் கொண்டுவர, ஏறக்குறைய எல்லாவற்றோடும் ஒத்துப்போகும் வழி ஓடிபிசி (ஓப்பன் டேட்டாபேஸ் கனெக்டிவிட்டி). மைக்ரோசாஃப்ட் இதன் முதல் பதிப்பை 1992-ல் வெளியிட்டது. இதற்கான அடிப்படை ஏற்பாடு விண்டோஸுடனேயே வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் உரிய டிரைவரை நாம்தான் தேடிப் போட வேண்டும்.

டிரைவரைப் போட சில நிமிடங்கள் போதும். அதற்குப் பிறகு இணைப்பு வராமல் அரை நாள் ஓடிவிடுவதுதான் வழக்கமான கதை. சர்வர், நெட்வொர்க், யூசர் கணக்கு, டிரைவர், மென்பொருள் என்று ஐந்து இடங்களில் எங்கு வேண்டுமானாலும் பிழை இருக்கலாம். எல்லாவற்றையும் அமைத்து முடித்துவிட்டு, கடைசியாக எக்செலைத் திறந்து "வரவில்லையே" என்று பார்த்தால் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே கீழே உள்ள வரிசையில் போங்கள். ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இந்த முறை பொருந்தும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸை முக்கிய எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் எது மாறுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம்

ஓடிபிசி டிரைவர் என்பது தனியாக ஓடும் புரோகிராம் அல்ல. அது ஒரு டிஎல்எல் கோப்பு, அதாவது வேறொரு மென்பொருள் தனக்குள் ஏற்றிக்கொண்டு பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. எக்செல் இணைப்பைத் திறக்கும்போது, விண்டோஸில் இருக்கும் டிரைவர் மேனேஜர் அந்தக் கோப்பை எக்செலின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றுகிறது. 32 பிட்டில் ஓடும் மென்பொருளுக்குள் 64 பிட் டிஎல்எல்லை ஏற்ற முடியாது. 64-க்குள் 32-ஐயும் ஏற்ற முடியாது. ஓடிபிசியில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்திலிருந்து கிளைப்பவை.

எனவே டிரைவரின் பிட், அதைப் பயன்படுத்தப்போகும் மென்பொருளின் பிட்டோடு பொருந்த வேண்டும். விண்டோஸ் 64 பிட் என்பதால் 64 பிட் டிரைவர்தான் தேவை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆபீஸ் ஓடும் கணினிகள் இன்னமும் ஏராளம். சர்வர் எத்தனை பிட் என்பதும் இங்கே கணக்கிலேயே வராது. அங்கே போவது நெட்வொர்க் வழியாகச் செல்லும் செய்திகள் மட்டுமே.

படி 1: மென்பொருளின் பிட்டைப் பாருங்கள்

எக்செலில் ஃபைல் மெனுவுக்குள் அக்கவுண்ட், அதில் அபவுட் எக்செல். திறக்கும் பெட்டியின் முதல் வரியின் முடிவில் 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும். ஆக்சஸுக்கும் இதே வழிதான்.

இப்படிக் காட்டாத மென்பொருளாக இருந்தால், அதை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டீடெய்ல்ஸ் பகுதியில் தலைப்பு வரிசை மேல் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் வழியாக பிளாட்ஃபார்ம் அல்லது ஆர்கிடெக்சர் என்ற காலத்தை (நெடுவரிசையை) சேருங்கள். அந்த மென்பொருளின் வரிசையில் 32 பிட் அல்லது எக்ஸ்86 என்று வந்தால் 32 பிட் டிரைவர் வேண்டும். 64 பிட் அல்லது எக்ஸ்64 என்று வந்தால் 64.

ஒரே கணினியில் 32 பிட் ஆபீஸும் 64 பிட் பவர் பிஐயும் இருந்தால் இரண்டு டிரைவர்களையும் போட்டுக்கொள்ளலாம். அவை ஒன்றோடொன்று மோதாது.

படி 2: சர்வர் பக்கத்து விவரங்களைச் சேகரியுங்கள்

டேட்டாபேஸ் நிர்வாகியிடம் கேட்டு இவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சர்வரின் பெயர் அல்லது ஐபி முகவரி, போர்ட் எண் (சர்வரில் டேட்டாபேஸ் இணைப்புகளை ஏற்கும் வாயிலின் எண்), டேட்டாபேஸின் பெயர், யூசர் பெயர், கடவுச்சொல், என்க்ரிப்ஷன் கட்டாயமா என்ற விவரம், டேட்டாபேஸின் பதிப்பு எண். போர்ட் மாற்றப்படாமல் இருந்தால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433.

பதிப்பு எண்ணை ஏன் கேட்க வேண்டும்? பழைய டிரைவர்களுக்குப் புதிய கடவுச்சொல் சரிபார்ப்பு முறைகள் தெரியாது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 14 முதல் ஸ்கிராம் முறைதான் இயல்புநிலை. பழைய டிரைவர் அதைப் பார்த்ததும் "ஆதென்டிகேஷன் மெத்தட் 10 நாட் சப்போர்ட்டட்" என்று சொல்லி நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல் 8.0-லும் இதே மாதிரி மாற்றம் வந்தது. 5 வரிசையில் உள்ள பழைய டிரைவர், கேஷிங் ஷா2 என்ற பிளக்இன்னை ஏற்ற முடியவில்லை என்று புலம்பும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: புதிய டிரைவர். டிரைவரைப் புதுப்பிக்காமல் சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் யோசனைகளுக்குக் காது கொடுக்காதீர்கள்.

யூசர் கணக்கைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். அறிக்கை எடுக்க மட்டும்தான் இணைப்பு என்றால், படிக்கும் உரிமை மட்டுமே உள்ள தனிக் கணக்கு ஒன்றைக் கேளுங்கள். நிர்வாகிக் கணக்கை ஒருவர் எக்செலில் போட்டு வைத்தால், அந்தக் கணினியைத் தொடும் எவருக்கும் டேட்டாபேஸ் முழுவதும் திறந்து கிடக்கும்.

படி 3: நெட்வொர்க் வழி திறந்திருக்கிறதா?

டிரைவரைத் தொடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளைக்குச் சர்வரின் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். விடையின் கடைசி வரியில் டிசிபி டெஸ்ட் வெற்றி என்பதற்கு நேராக ட்ரூ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது.

பிங் அடித்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பிங்குக்குப் பதில் வந்தாலும் டேட்டாபேஸ் போர்ட் மூடியிருக்கலாம். பிங் தடுக்கப்பட்டிருந்தும் போர்ட் திறந்திருக்கலாம்.

ஃபால்ஸ் என்று வந்தால், அது எப்படி வந்தது என்பதில் தகவல் இருக்கிறது. வேறு டேட்டாபேஸ் கருவி ஏதாவது கையில் இருந்தால் அதிலும் இணைத்துப் பாருங்கள். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் பெரும்பாலும் அந்தக் கணினி வரை போய்விட்டீர்கள், ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டேட்டாபேஸ் சர்வீஸ் நின்றிருக்கலாம், அல்லது அது தன் கணினிக்குள் இருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி அமைந்திருக்கலாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இயல்பாக லோக்கல்ஹோஸ்டை மட்டுமே கேட்கும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபியே இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, சர்வீஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். மாறாக, பதிலே இல்லாமல் பல விநாடிகள் தொங்கிவிட்டு டைம்அவுட் ஆனால், சந்தேகம் ஃபயர்வால் மீது போக வேண்டும்.

படி 4: டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள்

டேட்டாபேஸைத் தயாரிப்பவர்களின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டிரைவர் உங்கள் கடவுச்சொல்லைக் கையாளும் மென்பொருள். "இலவச டிரைவர் தொகுப்பு" என்று ஆசைகாட்டும் மூன்றாம் தரப்புத் தளங்கள் வேண்டவே வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கான டிரைவரின் பெயர் பிஎஸ்க்யூஎல்ஓடிபிசி. கோப்பின் பெயரில் எக்ஸ்64 என்று இருந்தால் 64 பிட், எக்ஸ்86 என்று இருந்தால் 32 பிட். எஸ்க்யூஎல் சர்வருக்கு, எழுதும் நேரத்தில் பரவலாகப் புழக்கத்தில் இருப்பவை ஓடிபிசி டிரைவர் 17, 18. இவற்றின் 64 பிட் இன்ஸ்டாலர், 32 பிட் டிரைவரையும் சேர்த்தே போட்டுவிடும் என்பதால் அங்கே பிட் தலைவலி குறைவு. மைஎஸ்க்யூஎல்லுக்கு கனெக்டர்/ஓடிபிசி.

இன்ஸ்டால் செய்ய அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். எக்செல், பவர் பிஐ எல்லாவற்றையும் மூடிவிட்டு இன்ஸ்டாலரை ஓடவிடுங்கள். இயல்பாக வரும் விருப்பங்களை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வரும். இன்ஸ்டால் ஒழுங்காக முடியும், ஆனால் பிறகு அமைக்கப்போனால் "சிஸ்டம் எர்ரர் கோடு 126" என்று ஒரு செய்தி. டிரைவர் கோப்பு அங்கேதான் இருக்கும். அது சார்ந்திருக்கும் இன்னொரு கோப்பு இல்லை என்பதே இதன் பொருள். பெரும்பாலும் விடுபட்டிருப்பது மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். டிரைவரின் பிட்டுக்கு ஏற்ற பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து போட்டுவிட்டு, டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும். எண் 193 என்று வந்தால் அது பிட் மாறிப்போன கோளாறு. படி 1-க்குத் திரும்புங்கள்.

படி 5: சரியான அட்மினிஸ்ட்ரேட்டரைத் திறங்கள்

64 பிட் விண்டோஸில் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டர் இரண்டு உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தட்டினால் "ஓடிபிசி டேட்டா சோர்சஸ் 32 பிட்", "64 பிட்" என இரண்டும் வரும். மென்பொருளின் பிட் எதுவோ அதைத் திறங்கள்.

கோப்பு வழியாகத் திறக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு கோப்புகளின் பெயரும் ஓடிபிசிஏடி32 தான். 64 பிட் பதிப்பு விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருக்கிறது. 32 பிட் பதிப்போ சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பெயர்கள் தலைகீழாகத் தெரிந்தாலும் அமைப்பு அப்படித்தான். பழைய மென்பொருள்கள் பாதையைத் தேடி உடைந்துவிடக் கூடாது என்பதற்காக 64 பிட் விண்டோஸிலும் சிஸ்டம்32 என்ற பெயரை விட்டுவைத்தார்கள்.

திறந்ததும் முதல் வேலையாக டிரைவர்ஸ் பகுதிக்குப் போங்கள். நீங்கள் போட்ட டிரைவரின் பெயர் அங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்ஸ்டால் ஆகவில்லை, அல்லது மற்ற பிட்டில் ஆகியிருக்கிறது. அந்தப் பெயரை ஓர் எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பிஎஸ்க்யூஎல்ஓடிபிசியின் 64 பிட் டிரைவரில் யுனிகோடு என்ற சொல்லுக்கும் அடுத்து வரும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி கிடையாது. கனெக்‌ஷன் ஸ்டிரிங் (இணைப்பு விவரங்கள் எல்லாவற்றையும் ஒரே வரியில் தரும் எழுத்துத் தொடர்) எழுதும்போது அந்த ஓர் இடைவெளியைச் சேர்த்தால் டிரைவர் கிடைக்காது.

படி 6: டிஎஸ்என் உருவாக்குங்கள்

டிஎஸ்என் என்பது சர்வர், போர்ட், டேட்டாபேஸ், டிரைவர் ஆகியவற்றை ஒரே பெயரில் கட்டிவைக்கும் பதிவு. மூன்று வகை இருக்கிறது. யூசர் டிஎஸ்என் அதை உருவாக்கிய விண்டோஸ் யூசருக்கு மட்டும் தெரியும். சிஸ்டம் டிஎஸ்என் அந்தக் கணினியில் நுழையும் எல்லோருக்கும், பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்கும் தெரியும். ஃபைல் டிஎஸ்என் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு.

எங்கள் பரிந்துரை சிஸ்டம் டிஎஸ்என். நேரம் குறித்து ஓடும் வேலைகளும் சர்வீஸ்களும் வேறொரு கணக்கின் பெயரில் ஓடும். அவற்றின் கண்ணுக்கு உங்கள் யூசர் டிஎஸ்என் படாது. "நான் ஓடவிட்டால் வருகிறது, ராத்திரி தானாக ஓடினால் வருவதில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பல முறை இதுதான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. யூசர் டிஎஸ்என்கள் இரண்டு அட்மினிஸ்ட்ரேட்டரிலும் தெரியும், பிட் பொருந்தாதவை உட்பட. பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பி ஏமாற இது வழிவகுக்கிறது. சிஸ்டம் டிஎஸ்என்கள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பிட் வாரியாகத் தனித்தனி இடங்களில் இருக்கின்றன.

சிஸ்டம் டிஎஸ்என் பகுதியில் ஆட் பொத்தானை அழுத்துங்கள். டிரைவர் பட்டியலில் யுனிகோடு என்ற சொல் உள்ளதைத் தேர்ந்தெடுத்து ஃபினிஷ் கொடுங்கள். ஏஎன்எஸ்ஐ டிரைவர் பக்கம் போகவே வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறோம்.

இப்போது திறக்கும் பெட்டியில், டேட்டா சோர்ஸ் என்ற இடத்தில் இணைப்புக்கு ஒரு பெயர். 32 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் கீழ்க்கோடும் மட்டும் வைத்து எழுதுங்கள். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, கமா, கேள்விக்குறி, சமக்குறி போன்றவை பெயரில் செல்லாது. டேட்டாபேஸ் என்ற இடத்தில் அதன் பெயரைச் சர்வரில் இருக்கிறபடியே தட்டுங்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. சர்வர், போர்ட், யூசர் பெயர் ஆகியவை படி 2-ல் குறித்தவை.

எஸ்எஸ்எல் மோடு என்ற பட்டியலில், சர்வர் என்க்ரிப்ஷனை ஏற்குமானால் ரிக்வயர் வையுங்கள். தரவு மறைகுறியாக்கப்பட்டுப் போகும், ஆனால் எதிரில் இருப்பது உண்மையான சர்வர்தானா என்று சோதிக்கப்படாது. அந்தச் சோதனையும் வேண்டுமென்றால் வெரிஃபை-ஃபுல். அதற்கு ரூட் சான்றிதழ்க் கோப்பு உங்கள் கணினியில் இருக்க வேண்டும்.

கடவுச்சொல் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிஎஸ்க்யூஎல்ஓடிபிசியில் இங்கே தட்டிச் சேமிக்கும் கடவுச்சொல் ரெஜிஸ்ட்ரியில் படிக்கக்கூடிய எழுத்தாகவே உட்காரும். சோதனைக்காகத் தட்டி, டெஸ்ட் பொத்தானை அழுத்தி, வெற்றிச் செய்தி வந்ததும் அந்த இடத்தைக் காலியாக்கிவிட்டு சேவ் செய்யுங்கள். கடவுச்சொல்லை எக்செலோ பவர் பிஐயோ பிறகு தானே கேட்கும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இந்தப் பெட்டிக்குப் பதிலாகப் பல பக்கங்கள் கொண்ட விசார்ட் வரும். சர்வர் இடத்தில் போர்ட்டைச் சேர்க்க வேண்டுமானால் பெயருக்குப் பின் கமா போட்டு எண்ணை எழுத வேண்டும். முக்காற்புள்ளி போட்டால் இணையாது. தனிப்பெயர் கொண்ட இன்ஸ்டன்ஸ் (ஒரே கணினியில் தனிப் பெயரில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்) என்றால் சர்வர் பெயர், பின்சாய்வுக்கோடு, இன்ஸ்டன்ஸ் பெயர். இது வேலை செய்யச் சர்வரில் எஸ்க்யூஎல் பிரவுசர் சர்வீஸ் ஓட வேண்டும், யுடிபி 1434 போர்ட் திறந்திருக்க வேண்டும். அது திறக்காத இடத்தில் கமாவும் போர்ட் எண்ணுமே நிச்சயமான வழி.

டிரைவர் 17-லிருந்து 18-க்கு மாறியவர்களுக்கு, நேற்று வரை வந்த இணைப்பு திடீரென்று நின்று, சான்றிதழை வழங்கியவர் நம்பத்தக்கவர் அல்ல என்ற செய்தி வரும். 18-ல் என்க்ரிப்ஷன் இயல்பாகவே கட்டாயம், சர்வரின் சான்றிதழும் சரிபார்க்கப்படும். முறையான தீர்வு, சர்வரில் நம்பகமான சான்றிதழைப் போடுவது. டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் இணைப்பு வந்துவிடும். உள் நெட்வொர்க்கில் சோதனைக்கு அது போதும். இணையத்தின் வழியாகச் செல்லும் இணைப்பில் அதைத் தேர்வு செய்வது சரிபார்ப்பையே தூக்கி எறிவதற்குச் சமம்.

மைஎஸ்க்யூஎல்லில் யூசர் பெயரோடு, அவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்பதும் கணக்கின் பகுதி. லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் உருவாக்கப்பட்ட கணக்கை வைத்து உங்கள் டெஸ்க்டாப்பிலிருந்து போனால், கடவுச்சொல் சரியாக இருந்தும் பிழை எண் 1045 வரலாம். செய்தியில் யூசர் பெயருக்குப் பின்னால் தெரியும் கணினிப் பெயரைப் பார்த்து, அதற்கு அனுமதி தரச் சொல்லி நிர்வாகியிடம் கேளுங்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இதற்கு இணையானது பிஜி_ஹெச்பிஏ கோப்பு. அதில் உங்கள் ஐபிக்கு வரி இல்லையென்றால் செய்தியே அதைச் சொல்லிவிடும்.

படி 7: டிரைவரின் உள் அமைப்புகள்

பலர் இந்த இடத்தைத் தொடாமலே போய்விடுகிறார்கள். சிறிய டேபிள்களுக்குப் பாதகமில்லை. பெரிய டேபிள்களிலும் ஆக்சஸிலும் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பிஎஸ்க்யூஎல்ஓடிபிசி பெட்டியில் டேட்டாசோர்ஸ் என்ற பொத்தானுக்குள் இவை இருக்கின்றன.

யூஸ் டிக்ளேர்/ஃபெட்ச்: இது அணைந்திருந்தால் டிரைவர் வினவலின் முழு முடிவையும் ஒரே மூச்சில் உங்கள் கணினியின் நினைவகத்துக்கு இழுக்கும். பல லட்சம் வரிசைகள் என்றால் மென்பொருள் உறைந்துபோகும், நினைவகம் போதவில்லை என்றும் வரலாம். இதை இயக்கினால் கேஷ் சைஸில் உள்ள எண்ணிக்கை வீதம் தவணை தவணையாக எடுக்கும். இயல்பான எண் 100. பெரிய இறக்குமதிகளுக்கு அது சிறிது, சர்வருக்குப் போய்வரும் தடவைகள் கூடும். 1000 முதல் 5000 வரை வைத்துப் பாருங்கள்.

மேக்ஸ் வார்கேர் 255, மேக்ஸ் லாங்வார்கேர் 8190 என்பவை இயல்பு அளவுகள். நீண்ட குறிப்புகள் கொண்ட காலம் பாதியில் வெட்டுப்பட்டு வந்தால் பார்க்க வேண்டியவை இவைதான்.

ஆக்சஸுக்கு மூன்று மாற்றங்கள். பூல்ஸ் அஸ் கேர் தேர்வை எடுத்துவிடுங்கள். ட்ரூ இஸ் -1 என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆக்சஸ் "ஆம்" என்பதை மைனஸ் ஒன்றாகக் கருதும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அப்படிக் கருதாது என்பதே காரணம். ரோ வெர்ஷனிங்கைத் தேர்ந்தெடுங்கள். யாரும் தொடாத வரிசையைத் திருத்தும்போதுகூட "ரைட் கான்ஃப்லிக்ட்" என்று வரும் தொல்லை இதனால் பெரும்பாலும் அடங்கும். இணைக்கும் டேபிளில் பிரைமரி கீ இல்லாவிட்டால் ஆக்சஸில் அதைப் பொதுவாகத் திருத்த முடியாது. இதை டிரைவர் அமைப்பால் சரிசெய்ய வழியில்லை, டேபிளில்தான் சேர்க்க வேண்டும்.

படிக்க மட்டும் என்றால் ரீட் ஒன்லியையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். சர்வரில் உரிமை குறைத்த கணக்குக்கு இது மாற்று ஆகாது, ஆனால் கைதவறுதலைத் தடுக்கும்.

படி 8: எக்செலில் திறந்து பாருங்கள்

டேட்டா மெனுவில் கெட் டேட்டா, ஃப்ரம் அதர் சோர்சஸ், ஃப்ரம் ஓடிபிசி. பட்டியலில் உங்கள் டிஎஸ்என் பெயர் தெரியும். எக்செல் முன்பே திறந்திருந்தால் மூடித் திறந்துவிட்டுத் தேடுங்கள்.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற பகுதியை விரித்தால் எஸ்க்யூஎல் வினவலை நேரடியாக எழுத இடம் இருக்கும். தேவையான நெடுவரிசைகளையும் தேதி வரம்பையும் இங்கேயே எழுதி எடுப்பது நல்லது. வடிகட்டும் வேலை சர்வரில் முடிந்து, வேண்டிய வரிசைகள் மட்டும் வந்து சேரும். எக்செல் தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் இடமும் இல்லை.

அடுத்து அடையாளம் கேட்கும் பெட்டி. இடப்பக்கம் டீஃபால்ட் ஆர் கஸ்டம், விண்டோஸ், டேட்டாபேஸ் என்று மூன்று தாவல்கள். யூசர் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள கணக்கு என்றால் டேட்டாபேஸ் தாவலில் தட்டுங்கள். இங்கே ஒருமுறை தப்பாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, அந்தத் தப்பை எக்செல் நினைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல்வது தெரியாது. கெட் டேட்டா மெனுவின் அடியில் டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ் இருக்கிறது. அதில் அந்த இணைப்பைத் தேர்ந்து கிளியர் பெர்மிஷன்ஸ் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கடவுச்சொல் மாறிய பிறகு இணைப்பு நின்றாலும் இதே இடம்தான்.

தமிழ் எழுத்து கேள்விக்குறியாக வந்தால்

விண்டோஸில் தமிழுக்கு ஏஎன்எஸ்ஐ கோடு பேஜ் கிடையாது. தமிழ் அங்கே யுனிகோடு வழியாக மட்டுமே இயங்கும். ஏஎன்எஸ்ஐ டிரைவர் எழுத்துகளைக் கணினியின் கோடு பேஜுக்கு மாற்ற முயலும்போது தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். யுனிகோடு டிரைவரை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

யுனிகோடு டிரைவர் போட்டும் கேள்விக்குறி வந்தால், தரவு உள்ளே போகும்போதே கெட்டுவிட்டதா என்று பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) கொண்ட வார்கேர் வகை நெடுவரிசையில் தமிழைச் சேமித்தால் அங்கேயே கேள்விக்குறிகள்தான் பதிவாகும். யுனிகோடை ஏற்கும் என்வார்கேர் வகை நெடுவரிசை வேண்டும், வினவலில் தமிழ்ச் சொல்லை எழுதும்போது மேற்கோளுக்கு முன் ஆங்கில 'N' எழுத்தும் வேண்டும். ஒருமுறை கேள்விக்குறியாகப் பதிவானதை எந்த டிரைவராலும் மீட்க முடியாது. மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்8எம்பி4 எழுத்துத் தொகுதியை வையுங்கள். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுகளில் அடங்கிவிடும், ஆனால் கூடவே வரும் இமோஜிகளுக்கு நான்கு பைட் தேவை.

கேள்விக்குறிக்குப் பதிலாக லத்தீன் எழுத்தும் விசித்திரக் குறிகளும் கலந்து வந்தால் அது வேறு நோய். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் தொகுதிதான் தவறு. இது மீட்கக்கூடியது. டேபிளின் எழுத்துத் தொகுதியும் இணைப்பின் எழுத்துத் தொகுதியும் ஒன்றா என்று பார்த்துப் பொருத்துங்கள்.

பிழை எண்களைப் படிப்பது

ஓடிபிசி தரும் ஐந்து எழுத்துக் குறியீட்டை முதலில் பாருங்கள். நீண்ட செய்தியைவிட அது தெளிவாகப் பேசும்.

ஐஎம்002: டிஎஸ்என் பெயர் கிடைக்கவில்லை. எழுத்துப்பிழை, அல்லது மற்ற பிட்டில் உருவாக்கப்பட்ட சிஸ்டம் டிஎஸ்என், அல்லது வேறு யூசரின் யூசர் டிஎஸ்என்.

ஐஎம்014: டிஎஸ்என் கிடைத்தது, ஆனால் டிரைவரும் மென்பொருளும் வெவ்வேறு பிட். சரியான அட்மினிஸ்ட்ரேட்டரில் போய்ப் புதிதாக உருவாக்குங்கள்.

ஐஎம்003: டிரைவர் கோப்பை ஏற்ற முடியவில்லை. கூடவே வரும் 126 அல்லது 193-க்கு விளக்கம் படி 4-ல்.

08001: சர்வரை எட்ட முடியவில்லை, அல்லது என்க்ரிப்ஷன் பேச்சுவார்த்தை முறிந்தது. செய்தியில் எஸ்எஸ்எல் அல்லது சான்றிதழ் என்ற சொல் இருந்தால் இரண்டாவது. இல்லையென்றால் படி 3.

28000: சர்வர் வரை போய்விட்டீர்கள், கணக்கு ஏற்கப்படவில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் இதோடு 18456 வரும். கடவுச்சொல் சரியென்று உறுதியாகத் தெரிந்தால், சர்வர் விண்டோஸ் கணக்குகளை மட்டும் ஏற்கும்படி அமைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கனெக்‌ஷன் ஸ்டிரிங்கில் மட்டும் உள்நுழைவு தோற்று, டிஎஸ்என் டெஸ்டில் தேறினால், கடவுச்சொல்லில் அரைப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அரைப்புள்ளிதான் அங்கே ஒவ்வொரு பகுதியையும் பிரிக்கும் குறி. அப்படிப்பட்ட கடவுச்சொல்லை நெளிவு அடைப்புக்குள் இட வேண்டும்.

எதுவும் துலங்காவிட்டால் ஓடிபிசி அட்மினிஸ்ட்ரேட்டரின் டிரேசிங் பகுதி இருக்கிறது. ஒரு லாக் கோப்பின் பெயரைக் கொடுத்து ஸ்டார்ட் டிரேசிங் அழுத்தி, பிழையை ஒருமுறை வரவைத்து, உடனே நிறுத்துங்கள். நிறுத்த மறந்தால் எல்லா ஓடிபிசி வேலையும் மந்தமாகும், லாக் கோப்பு வட்டை நிரப்பும். அந்தக் கோப்பில் இணைப்பு விவரங்கள் பதிவாகியிருக்கலாம் என்பதால், பிறருக்கு அனுப்புவதற்கு முன் படித்துப் பார்த்துவிடுங்கள்.

பல கணினிகளுக்குக் கொண்டுபோவது

பத்துக் கணினிகளில் இதே பெட்டியைக் கையால் நிரப்பினால் ஒன்றிலாவது எழுத்துப்பிழை விழும். பவர்ஷெல்லில் ஆட்-ஓடிபிசிடிஎஸ்என் என்ற கட்டளை இருக்கிறது. டிஎஸ்என் பெயர், டிரைவர் பெயர், வகை, பிட், சர்வர் விவரங்கள் எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்து ஒரு ஸ்கிரிப்டாக வைத்துக்கொள்ளலாம். கெட்-ஓடிபிசிடிரைவர் கட்டளை, அந்தக் கணினியில் உள்ள டிரைவர்களைப் பிட் வாரியாகப் பட்டியலிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அதை வைத்து, தேவையான டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள்.

டிஎஸ்என் பெயர் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருக்கட்டும். எக்செல் கோப்பும் ஆக்சஸ் கோப்பும் டிஎஸ்என்னைப் பெயரை வைத்துத்தான் தேடுகின்றன. பெயர் ஓரெழுத்து மாறினாலும் கோப்பு அடுத்த கணினியில் ஐஎம்002 காட்டும். டிரைவர் பதிப்பையும் ஒன்றாக வைத்து, எதைப் போட்டீர்கள் என்பதையும் அந்த இன்ஸ்டாலர் கோப்பையும் சேர்த்துப் பொது ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.